எல்லாக் குதிரைக்கும் பொருந்தும் ட்ரீலெஸ் சேணமா? அடிப்பக்கத்தைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்

குதிரை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். உள்ளே மரச்சட்டமோ ஃபைபர் சட்டமோ இல்லாத சேணத்தைத்தான் ட்ரீலெஸ் என்கிறார்கள். "ட்ரீலெஸ் சேணம், ஒரே சைஸ், எல்லாக் குதிரைக்கும் பொருந்தும்" என்று இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் வரும் விளம்பரங்களில் ஒன்றை நம்பி 18,500 ரூபாய் கட்டினேன். குதிரைக்கு முதுகு வலி, எனக்கு அலைச்சல். புகார் நிலுவையில் இருப்பதால் விற்றவர் பெயரைப் போடவில்லை. வாங்குகிறவர்களுக்குப் பெயரைவிட, ஏமாற்றின விதம்தான் தெரிய வேண்டும்.

என்னுடையது அந்தியூர்ச் சந்தையில் வாங்கின மார்வாரிப் பெட்டைக் குதிரை. ஒடுங்கின உடம்பு, பிடரி முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், விதர்ஸ் என்று சொல்கிறோமே, அந்த மேடு நன்றாகத் தூக்கி நிற்கும். பழைய சேணம் தோள்பட்டையை இறுக்கியது. அதனால்தான் ட்ரீலெஸ் பக்கம் போனேன்.

சாதாரண சேணத்துக்குள் மரத்திலோ ஃபைபரிலோ ஒரு சட்டம் இருக்கும். அதைத்தான் ட்ரீ என்கிறார்கள். ஏறுபவரின் எடையை முதுகெலும்பின் இரண்டு பக்கத் தசைக்கும் பரப்பி, நடுவில் எலும்பின் மேல் எதுவும் படாமல் தூக்கிப் பிடிப்பது அதன் வேலை. ட்ரீலெஸ் சேணத்தில் சட்டம் கிடையாது. குதிரை மெலிந்தாலும் சதை போட்டாலும் அதற்கேற்ப வளைந்து கொடுக்கும் என்பது அதன் நன்மை. ஆனால் சட்டம் போய்விட்டால் அதன் வேலையும் போய்விடுமா? சேணத்தின் அடியில் தைத்திருக்கும் மெத்தையான பேனலும், கனமான ஃபோம் பட்டைகள் வைத்த தனிப் பேடும்தான் அதைச் செய்ய வேண்டும். நல்ல தயாரிப்பாளர்கள் பேட் இல்லாமல் ஏறாதே என்றே சொல்வார்கள். 2012-ல் அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் அழுத்தமானி விரிப்பு வைத்து இரண்டு வகையையும் ஒப்பிட்டார்கள். ட்ரீ இருந்த சேணம்தான் எடையை அதிகப் பரப்பில் பிரித்துக் கொடுத்தது; அவர்கள் சோதித்த ட்ரீலெஸ்ஸில் அழுத்தம் ஓரிடத்தில் குவிந்தது. இதை வைத்து ட்ரீலெஸ் வகையே மோசம் என்று சொல்லிவிட முடியாது. அமைப்பு சரியில்லாவிட்டால் எடை எங்கே போய் விழும் என்பதை இது காட்டுகிறது.

இதையெல்லாம் விற்றவரிடம் கேட்டேன். "அண்ணா, பேடெல்லாம் வேண்டாம், உள்ளேயே வச்சுத் தச்சிருக்கோம். ஒரிஜினல் லெதர், கான்பூர் ஒர்க்" என்றார். முதுகெலும்பில் படாமல் இருக்க அடியில் நடுவே கால்வாய் மாதிரி இடைவெளி விட்டிருக்கிறதா என்றதற்கு, "இருக்குண்ணா, கை நுழையும்." அடிப்பக்கப் படம் கேட்டால் மேலிருந்து எடுத்த படமே திரும்பத் திரும்ப வந்தது. முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினால்தான் அனுப்புவேன் என்றார்.

வந்த பொருள் பார்க்கப் பளபளப்பாகத்தான் இருந்தது. லேசாக ஓட்டியபோது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கர்த், அதாவது சேணத்தை வயிற்றோடு சேர்த்துக் கட்டும் வார், கட்டப் போனாலே காதைப் பின்னால் மடித்துக்கொண்டு கடிக்க வந்தது. டிராட், அதாவது சிறு ஓட்டம், போகச் சொன்னால் முதுகைக் கீழே தாழ்த்திக்கொண்டு ஓடியது. ஒருநாள் சேணத்தை இறக்கிப் பார்த்தால் முதுகெல்லாம் வியர்வையில் நனைந்திருக்க, ஸ்டிரப் (கால் வைக்கும் மிதி) வார் தொங்கும் இடத்துக்கு நேர் கீழே இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்த திட்டு. விரலால் அழுத்தினதும் தோல் துடித்து, குதிரை நகர்ந்து நின்றது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, "இது அழுத்தத்தால வந்ததுங்க, இப்படியே விட்டா புண்ணாகும், அப்புறம் அந்த எடத்துல வெள்ளை முடிதான் முளைக்கும்" என்றார். சவாரியை நிறுத்திவிட்டேன்.

சேணத்தை எங்கள் ஊர் செருப்புத் தைக்கிற அண்ணனிடம் கொண்டுபோய் அடித்தையலைப் பிரிக்கச் சொன்னேன். ஓரத்தை நறுக்கிப் பார்த்ததுமே, "இது தோலே இல்லீங்க, ரெக்சின்" என்றார். அறுத்த விளிம்பில் துணி நூல் பிசிறு பிசிறாகத் தெரிந்தது. உள்ளே சோபாவுக்குப் போடுகிற மெல்லிய ஸ்பாஞ்ச், விரலில் நசுக்கினால் ஒன்றுமில்லாமல் போனது. நடுக்கால்வாய் என்று சொன்னது வெறும் தையல் கோடு. இவற்றைவிட மோசம் ஸ்டிரப். இரண்டு ஸ்டிரப்பும் ஒரே நைலான் பட்டையில் மாட்டியிருந்தன. அந்தப் பட்டை முதுகெலும்புக்குக் குறுக்கே போய், இரண்டு பக்கமும் ஒற்றை ரிவெட்டில் நின்றது. நான் ஸ்டிரப்பில் எழுந்து நின்ற ஒவ்வொரு முறையும் என் எடை முழுவதும் அந்தப் பட்டை வழியாக எலும்பின் மேலும், ரிவெட் வழியாகப் பக்கத் தசையிலும் இறங்கியிருக்கிறது. மூட்டை ஏற்றுகிற கழுதைக்குக்கூட இதைவிடத் தடிப்பான மெத்தை போடுவார்கள்.

போன் செய்தேன். முதலில் "யூஸ் பண்ணின பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்." பிறகு "உங்க குதிரை முதுகுதான் சரியில்லை." ஒரே சைஸ் எல்லாக் குதிரைக்கும் பொருந்தும் என்று விற்றவர் சொல்கிற பேச்சா இது? பிரித்த படங்களை அனுப்பியதும் பிளாக் செய்துவிட்டார்.

ஆகவே ட்ரீலெஸ் வேண்டும் என்றால் அடிப்பக்கப் படமும், ஸ்டிரப் எதில் மாட்டியிருக்கிறது என்கிற படமும் கேளுங்கள். எடையை அகலமாகப் பிரிக்கிற அமைப்பு இல்லாமல் குறுக்குப் பட்டை மட்டும் தெரிந்தால் வேண்டாம். சேணத்தைக் குதிரை மேல் வைத்து, நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் விதர்ஸுக்கும் சேணத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். ஏறாமல் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. பின்விளிம்பு கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. உங்கள் எடை அதிகம் என்றாலோ, குதிரைக்கு மேடு உயரம் என்றாலோ இன்னும் யோசியுங்கள். ட்ரீலெஸ் பக்கவாட்டில் எளிதாகச் சுழலும், தரையிலிருந்து ஏறாமல் திண்டு வைத்து ஏறுங்கள். ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தரும் வசதி இல்லாத இடத்தில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்க மாட்டேன், இனிமேல்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் ஊருக்குப் போக வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய ரசீது, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அவர் பிளாக் செய்வதற்கு முன்பே எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள்.

குதிரை இப்போது பரவாயில்லை, சேணமில்லாமல் கயிற்றில் மட்டும் நடக்க வைக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. அதே சேணத்தின் அதே படம் வேறு பெயரில் உள்ள ஒரு கணக்கில் 16,000 ரூபாய்க்கு ஓடிக்கொண்டிருக்கிறது.