புலம்பெயர்ந்தோர் வணிக வளாகம்: பணத்தை முகப்பில் போடுவதா, முற்றத்தில் போடுவதா?

எங்கள் சங்கம் கட்டிய வணிக வளாகத்துக்கு இரண்டு வரைபடங்கள் வந்தன. ஒன்றில் பெரிய வாயில் வளைவு, தாய்நாட்டுப் பாணியில் ஓட்டுக் கூரை, சிலைகள். மற்றதில் வெளியே சாதாரணச் சுவர், உள்ளே அகலமான முற்றம், அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கடைகள். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். இன்று கேட்டாலும் என் ஓட்டு அதற்குத்தான்.

முகப்பின் பலம் தெரிந்ததுதான். தூரத்திலேயே அடையாளம் தெரியும், படமெடுக்க ஆட்கள் வருவார்கள். கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டரில் 1987-இல் திறந்த ஏஷியன் கார்டன் மால், அங்கே வியட்நாமியர் வாழும் லிட்டில் சைகான் பகுதிக்கே அடையாளமாகிவிட்டது. ஆனால் அதே தெருவுக்குக் குறுக்கே 1996-இல் திட்டமிட்ட நடைபாலம், பார்க்கச் சீனப் பாணியில் இருக்கிறதென்று வியட்நாமியர் பலர் எதிர்த்ததால் கைவிடப்பட்டது. கூரை வளைவில் பண்பாட்டைக் காட்டப் போனால், அது யாருடைய பண்பாடு என்ற கேள்வியும் வரும்.

எங்களுக்கு முடிவைத் தந்தது அதுவல்ல, பராமரிப்பு. பனி பெய்யும் ஊரில் அலங்கார ஓட்டின் விளிம்பில் தண்ணீர் இறங்கி உறையும், விரியும், ஓடு சில்லு சில்லாக உதிரும். மாற்று ஓடு வாங்கினால் பழைய நிறத்தோடு ஒட்டாது. வேலை தெரிந்த ஆளும் பக்கத்தில் கிடைப்பதில்லை. சாரம் கட்டினால் கடைகளின் பெயர்ப்பலகை மறைந்துவிடும், அதுவும் வியாபாரம் சூடுபிடிக்கும் மாதங்களில். இந்தச் செலவெல்லாம் சதுர அடிக் கணக்கில் பொதுப் பராமரிப்புக் கட்டணமாகக் கடைக்காரர் தலையில்தான் விழும். கட்டும்போது நன்கொடை தர ஆள் உண்டு. பத்து வருடம் கழித்துக் கூரையை ஒட்டுப்போட யாரும் தருவதில்லை. கட்டணம் ஏறினால் முதலில் காலி செய்வது தையல் கடை, பூக்கடை, புத்தகக் கடை மாதிரி சிறியவைதான். அவை போன பிறகு அந்த வளாகத்தில் எந்தப் பண்பாடு மிச்சமிருக்கும்?

முற்றத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. தரையில் சரியான வாட்டம், மூலையில் ஒரு குழாய், தூணுக்குத் தூண் மின் இணைப்பு, தோரணம் கட்டக் கூரையில் கொக்கிகள், பெரியவர்கள் உட்காரச் சுற்றிலும் திண்ணை. இவ்வளவு போதும். திருவிழா அலங்காரத்தை மக்களே செய்துகொள்வார்கள், வருடத்துக்கு வருடம் மாற்றவும் செய்வார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வியட்நாமியர் நடத்தும் கடைகள் நிறைந்த ஈடன் சென்டரைப் பாருங்கள். அது 1984-இல் தொடங்கியது ஏற்கனவே இருந்த ஒரு சாதாரண வணிக வளாகத்தில்தான். மூடிக்கிடந்த சூப்பர் மார்க்கெட்டுக்குள் நடைவழிகளும் குட்டிக் கடைகளும் அமைத்து, வியட்நாமின் சைகான் நகரில் இருந்த ஈடன் கடைத்தொகுதியின் பெயரையே வைத்தார்கள். மணிக்கூண்டெல்லாம் பிறகு வந்ததுதான்.

முற்றமுள்ள வடிவத்தில் வாடகைக்கு விடும் பரப்பு குறைகிறது, அது நிஜமான இழப்பு. வெளியூர்ப் பயணிகளை நம்பியே நடக்கும் வளாகத்துக்கும் பல மாடி மாலுக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. எங்களுடையது ஒரே மாடி, வருபவர்களில் பெரும்பாலோர் எங்கள் மக்களே.

முகப்பில் மிகவும் ஆசை இருந்தால் வாயில் வளைவுக்கு அஸ்திவாரத்தை மட்டும் இப்போதே போட்டு, இடம் விட்டு வையுங்கள். கடைகள் நிரம்பி, பராமரிப்பு நிதி சேர்ந்த பிறகு வளைவைக் கட்டிக்கொள்ளலாம். முற்றத்தைப் பிறகு கட்டிக்கொள்ள முடியாது.