பிரிகேட் ரோடு விளக்கைப் பார்க்க யாருக்கும் பணம் கட்டாதீர்கள்

பெங்களூரில் இருக்கும் நம்மவர்கள், அதிலும் ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து விளக்கு அலங்காரம் காட்ட நினைப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "தமிழில் கிறிஸ்துமஸ் விளக்கு நடை" என்று இன்ஸ்டாகிராமிலும் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களிலும் ஒரு போஸ்டர் சுற்றியது. தலைக்கு 899 ரூபாய். நாங்கள் நான்கு பேர், 3,596 ரூபாய் கட்டினோம். சொன்னதில் பாதிகூடக் கிடைக்கவில்லை, பணமும் திரும்பி வரவில்லை. அதே ஆட்கள் இப்போது டிசம்பர் 31ஆம் தேதிக்கு வேறு பெயரில் புது போஸ்டர் விட்டிருக்கிறார்கள். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

போஸ்டரில் இருந்தது இது: 15 பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம், பெங்களூரு தேவாலயங்களின் வரலாறு தெரிந்த தமிழ் கைடு வருவார், பிளம் கேக் உண்டு, பிரிகேட் ரோட்டிலிருந்து சிவாஜிநகருக்கு வண்டி உண்டு, கடைசியில் அங்குள்ள மாதா கோயிலில் அரை மணி நேரம். என் அம்மாவுக்கு முழங்கால் வலி. வண்டி இருக்கிறதா என்று இரண்டு தடவை போனில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் பணம் அனுப்பினேன். அம்மா ஆசைப்பட்டதே அந்த மாதா கோயிலுக்காக.

சாயங்காலம் ஐந்தரைக்கு எம்.ஜி. ரோடு மெட்ரோ வாசலில் நிற்கச் சொன்னார்கள். ஆறே கால் வரை யாரும் வரவில்லை. வந்த பிறகு பார்த்தால் எங்களோடு சேர்த்து ஐம்பது பேருக்குக் குறையாது. ஒரே ஒரு பையன், கையில் மைக்கூட இல்லை. அந்தச் சாலை இரைச்சலில் முன்னால் நின்ற நாலைந்து பேரைத் தவிர யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்ட கொஞ்சமும் தப்பு. புனித மாற்கு பேராலயத்தைக் காட்டி, மார்க் கப்பன் துரை பெயரில் கட்டியது என்றார். அந்தக் கோயில் 1812இல் கட்டி முடிந்தது. கப்பன் மைசூர் கமிஷனராக வந்தது 1834இல். நற்செய்தி எழுதிய மாற்குவின் பெயர் அது. ஐம்பது பேரிடம் காசு வாங்கிக்கொண்டு, வாய்க்கு வந்ததை வரலாறு என்று சொல்வதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கூட்டத்தில் குழந்தைகள் இருந்தார்கள், அதை நம்பிக் கேட்டுக்கொண்டு.

அப்புறம் சர்ச் ஸ்ட்ரீட். அங்கே தரை முழுக்கக் கல் பதித்தது. பார்க்க அழகுதான், முழங்கால் வலிக்காரர்கள் மெதுவாகத்தான் நடக்க முடியும். கைடு திரும்பிப் பார்க்காமல் முன்னால் போய்விட்டார். எங்களோடு பின்தங்கியவர்களில் குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒரு தம்பதியும் உண்டு. பிரிகேட் ரோட்டில் தலைக்கு மேல் வளைவு வளைவாகத் தொங்கிய விளக்குகள் உண்மையிலேயே கண்ணை நிறைத்தன, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவை அங்குள்ள கடைக்காரர்கள் சேர்ந்து எல்லோருக்காகவும் போடுபவை. தெருவில் நின்று பார்க்க டிக்கெட் கிடையாது. பிளம் கேக் என்று தந்தது பேப்பர் நாப்கினில் சுற்றிய இரண்டு விரல் அளவுத் துண்டு, அதுவும் எங்களுக்குப் பின்னால் நின்றவர்களுக்குக் கிடைக்கவில்லை.

வண்டி வரவே இல்லை. அம்மாதான் கேட்டார்: "தம்பி, வண்டின்னு சொன்னீங்களே, எங்கப்பா?" "பக்கம்தான் ஆன்ட்டி, ரெண்டு கிலோமீட்டர், நடந்துடலாம்" என்றார். அந்தக் கூட்டத்தில், அந்த வலியோடு, அறுபத்தெட்டு வயதுக்காரரிடம். ஆட்டோ பிடித்துப் பின்னால் வருகிறோம் என்றால், மூலையில் நின்ற ஆட்டோக்காரர்கள் 350 ரூபாய் கேட்டார்கள். 2025 ஆகஸ்ட் முதல் பெங்களூரில் மீட்டர் கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18. ஒன்றரை மடங்கு இரவுக் கட்டணம் பத்து மணிக்கு மேல்தான். அப்போது மணி எட்டரைகூட ஆகவில்லை.

எப்படியோ கமர்ஷியல் ஸ்ட்ரீட் போய்ச் சேர்ந்தால், "வாக் இங்கே முடியுது, மாதா கோயில் நேரா போனா வந்துடும், நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பையன் கிளம்பிவிட்டார். ஒரு செய்தி அவருக்குத் தெரியவில்லை, அல்லது சொல்ல மனசில்லை. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் அந்த மாதா கோயில் இருக்கும் இடத்தில் கூரை வேய்ந்து ஒரு சின்ன ஆலயம் வைத்தார்கள், அதற்குக் காணிக்கை மாதா என்று பெயர். அதிலிருந்து வளர்ந்து, 1882இல் இப்போதைய கோதிக் கோயிலாக எழுந்ததுதான் இன்றைய புனித மரியன்னை பசிலிக்கா. மாதாவுக்குச் சேலை சாத்துவார்கள், தமிழில் திருப்பலி உண்டு. பெங்களூரில் தமிழர்களுக்கென்று ஒரு நடை நடத்துகிறவர் வேறு எதை விட்டாலும் இதை விடலாமா?

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதலில் பதிலே இல்லை. அப்புறம் அடுத்த நடைக்கு 200 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றதும் ஒரு க்யூஆர் கோடு வந்தது: "இதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், ரீஃபண்ட் வந்துவிடும்." இந்த இடத்தில் கவனம் வேண்டும். யுபிஐயில் நமக்குப் பணம் வர பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். நான் போடவில்லை. எங்களோடு வந்த வேறு யாருக்காவது இந்தக் கோடு வந்து, பின் போட்டுப் பணம் போயிருந்தால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு.

மோசமான சேவைக்குப் புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். நான் பதிவு செய்துவிட்டேன். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருட அவகாசம் உண்டு. போஸ்டர், சாட், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நடை நடத்தியவர்கள் அந்த போஸ்டரைக் குரூப்பிலிருந்து அழித்துவிட்டார்கள். ரசீது கேட்டால் தராமல், கம்பெனி பெயர் இல்லாத தனி ஆளின் யுபிஐ எண்ணை அனுப்புகிறவர்களிடம் ஒரு ரூபாய்கூட முன்பணம் தராதீர்கள்.

விளக்குப் பார்க்க இவர்கள் யாரும் தேவையில்லை. கப்பன் பார்க் மெட்ரோவில் இறங்கினால் பக்கத்திலேயே மாற்கு பேராலயம். அங்கிருந்து செயின்ட் மார்க்ஸ் ரோடு வழியாக சர்ச் ஸ்ட்ரீட்டில் நுழைந்தால் அது நேராக பிரிகேட் ரோட்டில் கொண்டுவிடும். பிரிகேட் ரோடு முனையிலேயே எம்.ஜி. ரோடு மெட்ரோ, ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். பெரியவர்கள் இருந்தால் வார நாளில் இருட்டியதும் சீக்கிரமே போய்விடுங்கள். மாதா கோயிலை இதோடு சேர்க்காமல், இன்னொரு நாள் காலையில் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் இறங்கி நிதானமாகப் பாருங்கள். அம்மாவை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

இப்போது அந்தப் புது போஸ்டர். 31ஆம் தேதி இரவு பிரிகேட் ரோட்டில் "ஃபேமிலி லைட் வாக்", தலைக்கு 1,299, இதிலும் வண்டி உண்டு என்கிறார்கள். அந்த இரவு எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடு பக்கம் போலீசார் எந்த வண்டியையும் விடமாட்டார்கள். நெரிசலுக்காக எம்.ஜி. ரோடு மெட்ரோ ஸ்டேஷனையே மூடியதும் நடந்திருக்கிறது. வர முடியாத வண்டிக்குக் காசு வாங்குகிறார்கள். குழந்தைகளையும் வயதானவர்களையும் அந்தக் கூட்டத்தில் நடுவழியில் விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இன்றே வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே ரத்து செய்து பணத்தைக் கேளுங்கள், போனில் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள். க்யூஆர் வந்தால் ஸ்கேன் செய்யாதீர்கள்.