இண்டை, நியூ இங்கிலாந்து: சுயேச்சைகளை ஏற்ற இரு தொகுதிகள்

ஆஸ்திரேலியாவின் இண்டை, நியூ இங்கிலாந்து இரண்டும் 1901 முதல் இருக்கும் கிராமப்புற நாடாளுமன்றத் தொகுதிகள், நெடுங்காலம் வலதுசாரிக் கட்சிகளின் கோட்டைகள். இரண்டுமே சுயேச்சைகளைத் தேர்ந்தெடுத்தன. ஆனால் ஒன்றில்தான் அது வேரூன்றியது.

நியூ சவுத் வேல்ஸின் நியூ இங்கிலாந்தில் எல்லாமே டோனி வின்ட்சர் என்ற தனிமனிதரின் செல்வாக்கு. 2001-இல் வென்ற அவர், 2010-இல் 60 சதவீதத்துக்கும் மேல் முதல் விருப்ப வாக்குகள் பெற்றார் (அங்கே வாக்காளர்கள் வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறிப்பார்கள்; கடைசியில் வருபவர்கள் நீக்கப்பட்டு, அவர்களின் வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும்). அப்புறம் லேபர் கட்சிப் பிரதமர் ஜூலியா கில்லார்டின் சிறுபான்மை அரசை ஆதரித்தார். 2013-இல் அவர் ஒதுங்கியதும் தொகுதி வலதுசாரி நேஷனல்ஸ் கட்சியின் பார்னபி ஜாய்ஸிடம் போனது. 2016-இல் வின்ட்சரே திரும்பி வந்து நின்றும் மீட்க முடியவில்லை. இரட்டைக் குடியுரிமையால் ஜாய்ஸ் பதவி இழந்து நடந்த 2017 இடைத்தேர்தலிலும் மக்கள் அவரையே அனுப்பினார்கள்.

விக்டோரியாவின் இண்டையில் கதை வேறு. அங்கே ஆளுக்கு முன்பே அமைப்பு வந்துவிட்டது. 'வாய்சஸ் ஃபார் இண்டை' குழுவினர் வீட்டுச் சமையலறை மேசைகளில் கூடி ஊர்ப் பிரச்சினைகளைப் பேசினார்கள். அதிலிருந்து வந்தவர் கேத்தி மெக்கவன். 2013-இல் முதல் விருப்ப வாக்குகளில் லிபரல் கட்சியின் சோஃபி மிராபெல்லாதான் முன்னிலை. லேபர், கிரீன்ஸ் ஆதரவாளர்களின் அடுத்த விருப்பங்கள் சேர்ந்ததும் 439 வாக்குகளில் மெக்கவன் ஜெயித்தார். நாடு முழுக்க லிபரல் தலைவர் டோனி அபாட் அலை அடித்த தேர்தல் அது!

2019-இல் மெக்கவன் விலக, இன்னொரு சுயேச்சையான ஹெலன் ஹெய்ன்ஸ் வென்றார். 2022, 2025 தேர்தல்களிலும் அவரே. என்னைக் கேட்டால், வின்ட்சரின் பெரிய வெற்றிகளைவிட அந்த 439 வாக்குகள்தான் கனமானவை.