மாவுப்பூச்சிக்கு வேப்ப எண்ணெயா, இஞ்சி பூண்டுக் கரைசலா, வெறும் தண்ணீரா?

செம்பருத்தியின் கொழுந்து சுருங்கி, முடிச்சுப் போட்டதுபோல் குறுகி நின்றால் பிரித்துப் பாருங்கள். உள்ளே பஞ்சு அடைத்ததுபோல் மாவுப்பூச்சி இருக்கும். மதுரை வெயிலில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் எனக்கு மாசி பிறந்தாலே இந்தக் கவலை தொடங்கிவிடும். செம்பருத்தியில் ஆரம்பித்துக் கத்திரி, கொய்யா, பப்பாளி என்று தொட்டி தொட்டியாகத் தாவும். யாரைக் கேட்டாலும் ஒரு கரைசலைச் சொல்வார்கள். இஞ்சி பூண்டுக் கரைசல், வேப்ப எண்ணெய், வேப்பங்கொட்டைச் சாறு, தண்ணீர் வீச்சு என்று நான்கையும் மாறி மாறிச் செய்து பார்த்துவிட்டேன். எல்லாம் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில் பூச்சியின் உடம்பைப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் பார்க்கும் வெள்ளை மாவு, அது தன்மேல் சுரந்துகொள்ளும் மெழுகு. வெறும் தண்ணீரில் கலந்த எதுவும் அதன்மேல் உருண்டு ஓடிவிடும். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த குஞ்சுகள்மேல் மட்டும் மெழுகு இருக்காது. ஒரு தாய்ப்பூச்சி சில நூறு முட்டைகளைப் பஞ்சுப் பைக்குள் வைத்துவிடுவதால், இன்று தெளித்தால் இன்று வெளியே இருப்பவைதான் சாகும். எந்தக் கரைசலானாலும் வாரம் ஒருமுறை வீதம் மூன்று, நான்கு தடவையாவது திரும்பத் தெளிக்கச் சொல்வது இதனால்தான். ஒருமுறை தெளித்துவிட்டு ‘இது வேலை செய்யவில்லை’ என்று அடுத்த கரைசலுக்கு ஓடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசலுக்கு நல்ல பெயர் இருக்கிறது. அடுக்களையிலேயே கிடைக்கும், அரைத்தால் ஆயிற்று. இலையைக் கடித்துத் தின்னும் புழுக்களுக்கு அந்தக் காரமும் நெடியும் ஒத்துவராது; வெண்டையில் எனக்குப் பலன் கிடைத்திருக்கிறது. மாவுப்பூச்சியோ ஊசிபோன்ற வாயைத் தண்டுக்குள் செருகிச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு, மெழுகுப் போர்வைக்குள் ஓரிடத்திலேயே கிடக்கிறது. மேலே படும் காரம் அதை அசைக்கவில்லை. இரண்டு நாளில் நெடி போனதும் நிலைமை பழையபடிதான். மாவுப்பூச்சிக்கென்றால் இதற்குக் கடைசி இடம் கொடுப்பேன்.

வேப்ப எண்ணெய் அப்படியல்ல. அதிலுள்ள அசாடிராக்டின் என்னும் வேதிப்பொருள் பூச்சியை உடனே கொல்வதில்லை. தின்ன விடாமலும் தோலுரித்து வளர விடாமலும் தடுக்கிறது. எண்ணெய்ப் படலம் குஞ்சுகளை மூச்சுத் திணற வைக்கிறது. லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய். முதலில் காதி சோப்பைக் கரைத்து, அதில் எண்ணெயை விட்டுப் பால்போல் வெளுக்கும்வரை கலக்க வேண்டும். சோப்பு குறைந்தால் எண்ணெய் தனியாக மிதந்து இலையில் திட்டாகப் படியும். வெயிலில் அசாடிராக்டின் விரைவில் சிதைந்துவிடும், இலையும் கருகும். சித்திரையில் ஒருநாள் காலை பதினொரு மணிக்குத் தெளித்து, இரண்டு கத்திரிச் செடிகளின் இலைகள் பொசுங்கியதைப் பார்த்தபின், மாலை ஐந்தரைக்கு முன் தெளிப்பானைத் தொடுவதில்லை.

வேப்பங்கொட்டைச் சாறு இதைவிடவும் எனக்குப் பிடித்தது. ஆடியில் மரத்தடியில் விழும் பழங்களைப் பொறுக்கி, சதை நீக்கி நிழலில் உலர்த்தி வைத்தால் போதும். 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறவைத்துத் துணியில் வடிகட்டினால், உழவர்கள் பயன்படுத்தும் 5 சதவீதக் கரைசல் தயார். சிறிது சோப்பு சேர்த்தால் இலையில் நன்றாகப் படியும். அடுத்த நாளுக்கு வைக்காமல் அன்றே தெளித்துவிட வேண்டும்.

இவை இரண்டுக்கும் முன்னால் நான் வைப்பது தண்ணீரையும் பழைய பல் தேய்க்கும் பிரஷையும். குழாயின் வாயை விரலால் அழுத்தி, இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சினால் பாதிப் பூச்சிகள் உதிர்ந்துவிடும். கணுக்களில் ஒட்டியிருப்பவற்றைச் சோப்பு நீரில் தோய்த்த பிரஷால் தேய்த்தெடுக்கலாம். பூச்சி மிகுந்துபோன கொழுந்தை வெட்டிச் சோப்பு நீருள்ள வாளியில் போட்டுவிடுகிறேன். அப்படியே குப்பையில் போட்டால் குஞ்சுகள் ஊர்ந்து திரும்பி வரும். இருபது தொட்டிகளுக்கு அரை மணி நேரம் ஆகிறது. அதற்குப் பிறகு தெளிக்கும் வேப்பங்கரைசல்தான் உண்மையில் வேலை செய்கிறது. நூறு தொட்டி வைத்திருப்பவருக்கு இந்த வரிசை சிரமம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எறும்பை மறந்துவிடாதீர்கள். பூச்சி கழிக்கும் தேன்போன்ற நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன. தண்டில் எறும்புச் சாரை இருக்கும்வரை எந்தக் கரைசலும் முழுப் பலன் தராது. தொட்டியைச் செங்கல்மேல் ஏற்றி, செங்கலைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் ஏற முடியாது. கொசு முட்டையிடாதபடி இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீரை மாற்றுங்கள்.

ஐந்தாவது போட்டியாளர் உயிருள்ளது. கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கறுப்பு இறக்கையும் ஆரஞ்சுத் தலையும் கொண்ட இந்த வண்டும் இதன் புழுவும் மாவுப்பூச்சியையே தின்று வாழ்கின்றன. புழுவின் மேலும் வெள்ளை மெழுகு இழைகள் இருப்பதால் பெரிய மாவுப்பூச்சி என்று எண்ணி நசுக்கிவிடுகிறோம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன், நினைத்தால் இன்றும் வருத்தம்தான். குச்சியால் தொட்டுப் பாருங்கள்: விறுவிறுவென்று ஓடினால் அது நம் ஆள். அதைக் கண்ட கிளையில் எதையும் தெளிக்காதீர்கள்.

இயற்கை எதிரிகளின் பலத்தைத் தமிழ்நாடு கண்ணால் கண்டிருக்கிறது. 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களைச் சூறையாடியது. மருந்தடித்து மாளவில்லை. 2010இல் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்டபின்தான் அடங்கியது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்தக் குளவிகளை, கண்டதும் தெளிக்கும் ரசாயன மருந்து முதலில் கொல்லும். பறித்துச் சமைக்கும் செடியில் இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்துகளை நான் தொடுவதே இல்லை. தேனீக்களுக்கும் அவை எமன்.

கொழுந்தில் மொய்த்துச் சாறுறிஞ்சும் அசுவினிப் பூச்சி என்றால் இந்த வரிசை சுருங்கிவிடும்: அதற்கு மெழுகுப் போர்வை இல்லை, தண்ணீர் வீச்சே பெரும்பாலும் போதும். வெள்ளை ஈக்கு விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையைச் செடி உயரத்தில் தொங்கவிடலாம். மாவுப்பூச்சிக்கும் அந்த அட்டையை வாங்கி ஏமாறாதீர்கள். மாவுப்பூச்சியில் பெண்ணுக்கு இறக்கையே கிடையாது, பறந்து வந்து ஒட்டாது.