அரங்கேற்ற வீடியோவுக்கு மீதிப் பணம் கொடுக்குமுன் தில்லானாவை ஓட்டிப் பாருங்கள்

மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தை எடுக்கச் சென்னையில் ஒரு வீடியோ குழுவை அமர்த்தினோம். மிக்ஸரிலிருந்து ஒலியைத் தனி ரெக்கார்டரில் எடுப்போம் என்று அதற்கும் தனியாகக் காசு வாங்கினார்கள். முழுப் பணமும் கைக்குப் போன பிறகுதான் ஃபைல் வந்தது.

தொடக்கத்தில் வரும் அலாரிப்பு கச்சிதம். நடுவில் வரும் வர்ணத்தில் ஏதோ உறுத்தியது. கடைசியில் வரும் தில்லானாவிலோ கால் தரையைத் தட்டிய அப்புறம்தான் நட்டுவாங்கத் தாளம் கேட்கிறது. பார்க்கிறவர்கள் பெண் தாளம் தப்பி ஆடுகிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

கேட்டால், "உங்க டிவி பிரச்சினை சார்." டிவியோ ப்ளூடூத் ஸ்பீக்கரோ காரணமென்றால் முதல் நிமிடத்திலிருந்தே ஒரே அளவில் பிந்தும், போகப் போக வளராது. இதைச் சொன்னதும் 'கரெக்‌ஷன் சார்ஜ்' கேட்டார்கள். அதையும் கொடுத்தோம். திரும்பி வந்த ஃபைலில் தில்லானா சரி, அலாரிப்பு கெட்டுவிட்டது! மொத்த ஆடியோவையும் முன்னால் நகர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வேலை.

கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் தனித்தனிக் குவார்ட்ஸ் கடிகாரம். இரண்டும் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 180 மில்லிசெகண்ட் விலகும். நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் வீடியோவில் நாலரை ஃப்ரேம். இரண்டு மணி நேரக் கச்சேரியென்றால் இரட்டிப்பு. ஆரம்பத்தில் ஒரு கால்தட்டு, கடைசியில் ஒரு கால்தட்டு, இரண்டிலும் படத்தையும் ஒலியையும் பொருத்தி, அந்த விகிதத்துக்கு ஆடியோவை இழுக்கவோ சுருக்கவோ வேண்டும். சுருதி மாறியதே காதுக்குத் தெரியாது. விஷயம் தெரிந்தவருக்கு இது பெரிய வேலையில்லை.

வேறு எடிட்டரிடம் கொடுக்கலாம் என்று ஒரிஜினல் கேட்டோம். "அழிச்சிட்டோம்" என்றார்கள். அவர்கள் வெட்டி ஒட்டிய ஃபைலை வைத்தே இன்னொருவர் முடிந்தவரை சரிசெய்தார். பக்கவாட்டிலிருந்து செல்போனில் எடுத்த காட்சிகள் மட்டும் தேறவில்லை. பல போன்கள் ஃப்ரேம்களைச் சீரான இடைவெளியில் எடுப்பதில்லை. ஒரே விகிதத்தில் இழுத்தால் ஓரிடத்தில் முந்தும், ஓரிடத்தில் பிந்தும். கேமராவுக்குக் காசு வாங்கிக்கொண்டு போனில் எடுத்ததே தனிக் கதை.

ஆர்டர் கொடுக்கும்போதே, நீங்கள் பார்த்துச் சரி சொல்லும்வரை ஒரிஜினல் ஃபைல்களை அழிக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். கேமராவின் சொந்த மைக்கையும் அணைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பொருத்திப் பார்க்க அதுதான் ஆதாரம். "டைம்கோடு (பதிவோடு சேர்ந்து ஓடும் நேரக் குறி) போட்டு எடுக்கிறோம் சார்" என்று கூடுதலாகக் காசு கேட்டால், எல்லாக் கருவிகளும் ஒரே கடிகாரத்தில் ஓடுமா என்று கேளுங்கள். தொடக்கத்தைப் பொருத்தத்தான் டைம்கோடு. ஓட ஓட வரும் விலகலை அது தானாக நிறுத்தாது.