செகோவியாவா, ப்ரீமா?

கிளாசிக்கல் கிட்டார் கேட்கப் புதிதாக வருபவர் யாரிடம் தொடங்கலாம்?

1893-ல் ஸ்பெயினின் லினாரெஸில் பிறந்த ஆந்த்ரேஸ் செகோவியா பெரும்பாலும் தானே கற்றுக்கொண்டவர். 1935-ல் பாரிஸில் பாக் வயலினுக்கு எழுதிய ‘சக்கோன்’ என்ற நீண்ட படைப்பைக் கிட்டாரில் வாசித்து, கிட்டாரை மதுக்கடை வாத்தியம் என்று ஒதுக்கியவர்களையும் உட்கார வைத்தார். ஒரே சுரத்தை வேறு தந்தியில் தொட்டு நிறம் மாற்றுவார், பாருங்கள், அது தனி சுகம். நவீன இசை என்றால் மட்டும் முகம் சுளிப்பார்.

லண்டன்காரர் ஜூலியன் ப்ரீம் (1933–2020) அதைத்தான் தேடிப் போனார். ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் அவர் படித்தது பியானோவும் செல்லோவும். அங்கே கிட்டார் பாடமே கிடையாது! ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1963-ல் அவருக்காகவே ‘நாக்டர்னல்’ என்ற கிட்டார் படைப்பை எழுதினார். தூக்கம் வராத இரவுபோலப் புரண்டு புரண்டு, கடைசியில்தான் ஷேக்ஸ்பியர் காலத்து இசையமைப்பாளர் ஜான் டௌலண்டின் பழைய பாட்டு முழுதாய் வெளிவரும்.

என் ஓட்டு ப்ரீமுக்கு. செகோவியா தாளத்தை இஷ்டத்துக்கு இழுப்பது எனக்கு ஒட்டவில்லை.