மங்கிய ஹெட்லைட்: தேய்ப்பதா, மாற்றுவதா?

என்னிடம் இருப்பது 2009 மாடல் மாருதி ஸ்விஃப்ட். 2024-ல் பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டி வந்தபோதுதான் ஹெட்லைட்டைக் குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். வலது பக்கம் மோர் ஊற்றிக் காய்ந்த டம்ளர் மாதிரி மங்கி, மேல் விளிம்பு மஞ்சள் பூத்துக் கிடந்தது. இடது பக்கம் அவ்வளவு மோசமில்லை. காரணம் வீட்டு வாசலிலேயே இருந்தது. தினமும் ஒரே இடத்தில்தான் வண்டியை நிறுத்துகிறேன். இடது மூலையில் பக்கத்து வீட்டு வேப்பமர நிழல் விழும். வலது பக்கம் மதியத்திலிருந்து சாயங்காலம் வரை திருநெல்வேலி வெயிலை நேராக வாங்கும்.

ஹெட்லைட் கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அம்பாசடரில் இருந்த நிஜக் கண்ணாடி மஞ்சளாகாது, ஆனால் கல் பட்டால் தெறிக்கும். பாலிகார்பனேட் கல்லைத் தாங்கும், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்காது. அதனால் தயாரிக்கும்போதே அதன் மேல் மெல்லிய கடினப் பூச்சு ஒன்று போடுகிறார்கள். பல வருட வெயிலில் அந்தப் பூச்சு திட்டுத்திட்டாக உரிந்ததும் அடியிலுள்ள பிளாஸ்டிக் மஞ்சளாகிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தை மட்டும் பார்த்தால் புதுசுதான் ஜெயிக்கும். அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2018-ல் சோதித்தபோது, மங்கிய விளக்குகள் புதியவை தரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் தந்தன. தேய்த்துச் சரிசெய்தபின் 70 சதவீதம் அளவுக்குத் திரும்பியது. விலையில் நிலைமை தலைகீழ். எனக்குச் சொன்ன கணக்குப்படி இரண்டு பக்கமும் ஒரிஜினல் வாங்கி, பம்பரைக் கழற்றி மாட்டும் கூலியும் சேர்த்தால் ஏழாயிரத்தைத் தாண்டும். டூப்ளிகேட் அதில் பாதி. தேய்த்து, மேலே கிளியர் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) அடிக்க எனக்கு ஆனது 1,500 ரூபாய்.

பலர் அந்தப் பாதி விலை டூப்ளிகேட்டுக்குத்தான் போகிறார்கள். நான் போகாததற்குக் காரணம் மச்சினனின் சான்ட்ரோ கார். டூப்ளிகேட் விளக்கு மாட்டி வந்த அன்று வண்டி பளிச்சென்றுதான் இருந்தது. ராத்திரி என் வீட்டுச் சுவருக்கு எதிரே ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி லோ பீம், அதாவது தாழ்ந்து அடிக்கும் வெளிச்சம், போடச் சொன்னேன். நம் ஊர் விளக்கில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு ஒரு கோடு போலத் தெளிவாகத் தெரிய வேண்டும். இடது பக்கம், அதாவது சாலையோரப் பக்கம், அந்தக் கோடு கொஞ்சம் மேலே ஏற வேண்டும். எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் ஓரத்தில் நடப்பவரைக் காட்டுவதற்கான ஏற்பாடு அது. அவன் விளக்கில் கோடே இல்லை. சுவர் முழுக்க ஒரே பரவலான வெளிச்சம். விளக்கின் உயரத்தைச் சரிசெய்யும் ஸ்க்ரூவைத் திருகித் திருகிப் பார்த்தோம். மொத்த வெளிச்சமும் ஏறி இறங்கியதே தவிர கோடு வரவில்லை. ஐப்பசி மழையில் உள்ளே நீர்த்துளி வேறு கோத்துக்கொண்டது.

இப்போதைய ஹெட்லைட்டில் வெளிச்சத்துக்கு வடிவம் கொடுப்பது உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர், அதாவது பல்பின் ஒளியை முன்னால் திருப்பி அடிக்கும் வெள்ளிப் பூச்சுக் கிண்ணம். முன்னால் இருப்பது வெறும் மூடி. பழைய கண்ணாடி விளக்குகளில் முன் கண்ணாடியின் வரிகளே அந்த வேலையைச் செய்தன. ஆகவே மூடியைத் தேய்ப்பதால் வெளிச்சத்தின் வடிவம் கெடாது. ஆனால் நல்ல ரிஃப்ளெக்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏனோதானோவென்று வார்த்த ஒன்றை மாட்டினால் கெடும். என் பதினைந்து வருட விளக்கின் ரிஃப்ளெக்டர் முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளவென்று இருந்தது. அதைக் குப்பையில் போட மனம் வரவில்லை.

சரி, தேய்ப்பது என்றால் எப்படி? இதில்தான் முதல் தடவை ஏமாந்தேன். அக்சஸரீஸ் கடை ஒன்றில் முப்பது நிமிடத்தில் மெஷின் வைத்துத் தேய்த்து, பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்குப் புது வண்டி போல இருந்தது. நாலே மாதம். முன்பு மேல் விளிம்பில் மட்டும் இருந்த மஞ்சள் முழு விளக்குக்கும் பரவிவிட்டது. மிச்சமிருந்த கம்பெனிப் பூச்சையும் அவர்கள் சுரண்டி எடுத்துவிட்டு, மேலே எதுவும் பூசாமல் வெறும் பிளாஸ்டிக்கை வெயிலில் விட்டிருக்கிறார்கள். வீட்டில் டூத்பேஸ்ட் வைத்துத் தேய்ப்பதும் இதே கதைதான். அதில் உள்ள நுண்துகள் மேல்மஞ்சளை எடுக்கும், பாதுகாப்பு எதையும் தராது.

இரண்டாம் தடவை, வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு தம்பியிடம் போனேன். பார்த்த உடனே சொன்னான்: "அண்ணாச்சி, தேய்க்கிறது பெரிய வேலையே இல்ல. தேய்ச்ச பிறகு மேல என்னத்த அடிக்கோம்கிறதுலதான் எல்லாம் இருக்கு."

விளக்கைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டினான். தண்ணீர் விட்டு 400 நம்பர் உப்புத்தாளில் தொடங்கினான். கைவழியே மஞ்சள் கலந்த பால் போல வடிந்தது. அது வெள்ளையாக வடியும்வரை விடவில்லை. மஞ்சளாக வந்தால் மஞ்சளான மேற்பரப்பு இன்னும் மிச்சம் என்று அர்த்தமாம். அப்புறம் அதைவிட நைசான 600, 800, கடைசியில் 1000. ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினான், முந்தைய கீறல் போனதா என்று தெரிவதற்காக. 1000-த்தில் நிறுத்தியபோது விளக்கு பனி மூடியது போல வெண்மையாக இருந்தது. இன்னும் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாமா என்று கேட்டேன். பளபளப்பாகிவிட்டால் கிளியருக்குப் பிடிமானம் இருக்காது, உரிந்துவிடும் என்றான். ஸ்பிரிட்டால் துடைத்தான், தின்னரைக் கிட்டே கொண்டுவரவில்லை. தின்னர் பட்டால் பாலிகார்பனேட்டில் மயிரிழை வெடிப்பு விழும். பிறகு ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) கலந்த டூ-கே கிளியர், வண்டி பாடிக்கு அடிக்கும் அதே வகை, மெல்லிசாக ஒரு கோட், பத்து நிமிடம் விட்டு நனைவாக ஒரு கோட். இரண்டாவது கோட் விழுந்த கணத்தில் அந்த வெண்மை அப்படியே மறைந்து உள்ளே பல்பு தெரிந்தது. தாளின் நுண்கீறல்களை கிளியர் நிரப்பிவிடுகிறது. ஹார்டனர் கலந்த கிளியரின் புகை நுரையீரலுக்குக் கேடு. அதற்குரிய மாஸ்க் இல்லாமல் வீட்டு வாசலில் யாரும் இதை அடித்துப் பார்க்க வேண்டாம்.

கப்பில் ஒரு திரவத்தைச் சூடாக்கி அதன் ஆவியைக் காட்டி நொடியில் பளிச்சென்று ஆக்கும் முறையும் இப்போது பரவலாக வந்திருக்கிறது. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்துச் சமப்படுத்துகிறது. அதன் பிறகும் மேலே பாதுகாப்புப் பூச்சு கிடையாது. என் வண்டிக்கு நான் விடமாட்டேன்.

மாற்றித்தான் ஆக வேண்டிய விளக்குகளும் உண்டு. பின்னாலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, பல்பை எடுத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ரிஃப்ளெக்டரின் வெள்ளி கருகியோ சாம்பல் பூத்தோ இருந்தால் வெளியே எவ்வளவு தேய்த்தாலும் வெளிச்சம் வராது. 60/55 வாட்ஸ் போட வேண்டிய இடத்தில் 100/90 பல்பு போட்டு ஓட்டிய வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். மூடியில் வெடிப்பு, மாட்டும் காது உடைந்தது, மங்கல் உள்பக்கத்தில் இருப்பது, இவற்றுக்கும் மாற்றுவதுதான் வழி. அப்போது கம்பெனி பாகம் வாங்குங்கள், அல்லது மாருதிக்கே விளக்கு செய்து தரும் லூமேக்ஸ் போன்றவர்களின் பாகமாக வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால் அது இடது பக்கம் ஓட்டும் நாட்டுக்கானதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வலது பக்கம் ஓட்டும் ஐரோப்பிய நாடுகளுக்கான ஸ்விஃப்ட் விளக்கில் கோடு வலது பக்கம் ஏறும், இங்கே அது எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

கிளியர் அடித்து இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. மதுரைக்கு நான்கு வழிச்சாலையில் ராத்திரி போகும்போது ஓர வெள்ளைக் கோடு மறுபடி தெரிகிறது. நான் சொல்வது ஒரு வண்டியின் இரண்டு வருட அனுபவம், அவ்வளவுதான். ஐந்து வருடம் தாங்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. போன வாரம் கழுவும்போது வலது பக்க மேல் ஓரத்தில் நகம் அகலத்துக்கு லேசாகப் பொருக்கு கிளம்பியிருப்பதைப் பார்த்தேன். படம் எடுத்து அந்தப் பெயின்ட் தம்பிக்கு அனுப்பினேன். சித்திரை வெயிலுக்கு முன்னால் கொண்டுவாருங்கள், 800-ல் தேய்த்து மறுபடி ஒரு கோட் அடித்துவிடலாம் என்றான். அதுவரை வண்டியைத் திருப்பி, முகம் வேப்பமரப் பக்கம் இருக்கும்படி நிறுத்துகிறேன்.